ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள்

ஜூலை 14, திங்கள்

நோட்டீஸ் கொடுத்தாயிற்று. இனி முப்பது நாள்.

காலை பத்து மணிக்குப் பதிவுக் கந்தோருக்குப் போனோம். நான், தவசீலன், அவருடைய அக்கா கலா, ஒரு வக்கீல். தவசீலனுக்கு ஜெர்மனியில் ஒரு பாண் தொழிற்சாலையில் வேலை; பாணை இங்கே பிரெட் என்கிறார்கள். மூன்று தங்கச்சிமாரைக் கரைசேர்த்து முடிக்கும்போது அவருக்கு நாற்பத்தேழு வயதாகிவிட்டது. அவரிடம் இருப்பது அகதிக் கடவுச்சீட்டு. அதோடு இலங்கைக்கு வர ஏலாது. நான் கிளிநொச்சி. கல்யாணப் பதிவு இல்லாமல் எனக்கு ஜெர்மனி விசா தராது. ஆகவே இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஒரு ஊரில் பதிய வேண்டியிருக்கிறது. கலா அக்கா தொண்ணூறில் படகில் வந்து உறையூரில் தங்கிவிட்டவா என்பதால் அந்த ஊர் திருச்சி.

எங்களில் ஒருவராவது முதலில் முப்பது நாள் இங்கே இருந்திருக்க வேண்டுமாம். நான் ஜூன் பத்திலிருந்து இருக்கிறேன். அதற்குப் பிறகு நோட்டீஸ் ஒட்டி இன்னொரு முப்பது நாள். 2008இல் எனக்குக் கல்யாணம் பேசி, சமைத்து, தாலி கட்டி, சாப்பிட்டு முடிய ஆறு மணித்தியாலம் எடுத்தது.

விண்ணப்பத்தில் 'திருமண நிலை' என்று ஒரு கட்டம். வக்கீல் இதற்கு இரண்டு வழி சொல்லியிருந்தார். ஒன்று, விதவை என்று எழுதலாம். அதற்கு மரணச் சான்றிதழ் வேண்டும். காணாமல் போனவர்களுக்குக் கேட்டால் அதைக் கொடுக்கிறார்கள், என்னோடு படித்த இருவர் எடுத்துவிட்டார்கள். மற்றது, எனக்கும் குணரூபனுக்கும் நடந்த கல்யாணம் பதியப்படவில்லை. அந்த நேரம் பதிவுகாரர் எங்களுக்கு முன்னமே இடம்பெயர்ந்து போய்விட்டார். பிறகு பதிவோம் என்று குணரூபன் சொன்னார். ஆகவே கடதாசியில் நான் கல்யாணமே செய்யாதவள்.

'மணமாகாதவர்' என்று எழுதினேன். அது சுகமான வழி, கடதாசி குறைவு.

கந்தோரில் இருக்கிற ரெஜினா மேடம் விண்ணப்பத்தை வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தா. "ஏம்மா, கழுத்துல தாலி கெடக்கே?"

விமானம் ஏறமுன் கழற்றி வைக்க நினைத்திருந்தேன். மறந்துபோனேன். இங்கே வந்த பிறகும் ஒரு மாதமாக மறந்துபோனேன்.

கலா அக்கா முந்திக்கொண்டா. "அது நேர்த்திக்கடன் மேடம். மாப்பிள்ளை அமைஞ்சால் கட்டுறன் எண்டு அம்மனுக்கு நேர்ந்தது." பொய் சொல்லும்போது அக்காவின் முகம் கோயில் சிலை மாதிரி அமைதியாக இருக்கும் என்று இன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். ரெஜினா மேடம் அக்காவை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உள்ள விட்டுக்கம்மா" என்று மட்டும் சொன்னா. தவசீலன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வெளி விறாந்தையில் கண்ணாடிக் கதவு போட்ட பலகையில் நோட்டீசை நான்கு குண்டூசி குத்தி மாட்டினார்கள். என் பெயர், வயது, கிளிநொச்சி விலாசம், உறையூர் விலாசம் எல்லாம் அதில் இருக்கிறது. கீழே, ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாட்களுக்குள் தெரிவிக்கலாம் என்று போட்டிருக்கிறது. எவரும் வந்து வாசிக்கலாம். ஞாபகத்துக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 16, புதன்

தவசீலன் திரும்பிப் போனார். அவருக்கு நான்கு நாள்தான் லீவு. அடுத்த மாதம் ஒன்பதாம் திகதி வருவார். தான் வேலை செய்யும் இடத்துக் கறுப்புப் பாண் இரண்டு கொண்டுவந்திருந்தார். செங்கல் பாரம். கலா அக்காவின் புருசன், அத்தான், ஒரு துண்டைச் சாம்பாரில் அரை மணி நேரம் ஊறப்போட்டும் அது அசையவில்லை.

நல்ல மனிதர். பேச்சுக் குறைவு.

ஜூலை 17, வியாழன்

நோட்டீஸ் படத்தைக் கிளிநொச்சிக்கு மாமியின் போனுக்கு அனுப்பினேன். மாமி என்றால் குணரூபனின் தாய். அவவுக்குத் தெரிந்திருக்கத்தானே வேண்டும்.

இந்தக் கல்யாணத்துக்கு முதலில் ஓம் சொன்னதும் அவதான். "உன்ர மகள் விழிக்குப் பதினெட்டு முடிஞ்சால் ஜெர்மனிக்கு உன்னோட கூட்டிக்கொண்டு போகேலாதாம். இப்பவே பதினாறரை. நீ போ பிள்ளை" என்றா. சொல்லிவிட்டு மகனின் படத்தைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டா. வீதியோரக் கொட்டகையில், பிள்ளைகள் காணாமல் போன தாய்மார் பதில் கேட்டு வருடக்கணக்காக இருக்கிறார்கள். மாமி ஒரு நாளும் விட்டதில்லை. மழைக்குக் குடை பிடிப்பது படத்துக்குத்தான்.

ஆடி பிறந்துவிட்டது. இந்த மாதத்தில் ஒருவரும் கல்யாணம் செய்ய மாட்டார்கள் என்பதால் பலகையில் எங்கள் நோட்டீசோடு இன்னும் இரண்டுதான் இருக்கின்றன. (சந்தைக்குப் போகிற வழியில் பார்த்தேன்.)

ஜூலை 21, திங்கள்

கந்தோருக்குப் பக்கத்தில் கீரை நல்லதாகக் கிடைக்கிறது. இன்றும் வாங்கினேன்.

ஜூலை 22, செவ்வாய்

கீரை.

ஜூலை 23, புதன்

"வாசல்லயே கீரைக்காரி வாறா. நீ ஏன் பஸ் ஏறிப் போய் வாங்குறாய்?" என்று கலா அக்கா கேட்டா. அங்கே முளைக்கீரை இளசு என்றேன். இரவு அக்கா பஸ்ஸுக்குத் தோதாகச் சில்லறை எடுத்து என் பைக்குள் போட்டு வைத்திருந்தா.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. காவிரிக்குப் போனோம். அத்தான் தன் தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தார். படித்துறை முழுக்கத் தகப்பன் இல்லாத ஆட்கள். ஐயர் என்னைப் பார்த்து, "நீங்க யாருக்கும்மா?" என்றார். ஒருவருக்கும் இல்லை என்றேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் தகப்பனை இழந்த பிள்ளைகள் இன்றைக்கு விரதம் இருப்பார்கள். எங்கள் வீட்டில் ஆடி அமாவாசைக்கு மீன். மாமி விடியவே போய் வேண்டுமென்று பெரிய பாரையாகப் பார்த்து வாங்கி வருவா. விழி ஒரு நேரம் மரக்கறி சாப்பிட்டால்கூடத் தன் மகன் செத்ததாகிவிடும் என்று அவவுக்குப் பயம். அயலட்டையில் எல்லா வீட்டிலும் பருப்பு வாசம் வர, எங்கள் வீட்டில் மட்டும் மீன் பொரிகிற வாசம். முதல் வருடங்களில் சனம் ஒரு மாதிரிப் பார்த்தது. பிறகு பழகிவிட்டது.

இன்றைக்கு இங்கே வாழைக்காய், பூசணி, பருப்பு. பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு அந்தக் கறுப்புப் பாணைச் சாப்பிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

விழி அழைத்தாள். என் பிள்ளைக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும்.

"அம்மா, நீங்கள் அப்பம்மாவுக்கு ஒரு படம் அனுப்பினீங்களோ?"

"ஓம்."

"அதை அவ கொட்டகையில எல்லாருக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறா. ஒவ்வொருத்தரும் அனுப்பி அனுப்பி எங்கட ரியூசன் குறூப்பிலயும் வந்திட்டுது. அதில மணமாகாதவர் எண்டு இருக்கு."

அது சட்டத்துக்காக எழுதுவது என்றேன்.

"அப்ப நான் ஆர்? அப்பம்மா ஆற்ர படத்தை வச்சுக்கொண்டு இருக்கிறா? அப்பா இருக்கேல்லை எண்டு எழுதிப்போட்டியள்."

"செத்தவர் எண்டு எழுதேல்லை" என்றேன்.

அப்படிச் சொல்ல நான் நினைக்கவில்லை. வாயில் வந்துவிட்டது. அவள் போனை வைத்துவிட்டாள்.

கடதாசி குறைவு என்று அன்றைக்கு இந்தக் கொப்பியில் எழுதியது பொய். மரணச் சான்றிதழுக்கு நான்தான் கையெழுத்து வைக்க வேண்டும். யுத்தத்தின் கடைசியில் பாலம் தாண்டி ஆமியிடம் வந்த அன்று, பெயர் பதிந்துவிட்டு விடுவார்கள் என்று சொல்லித்தான் குணரூபன் அவர்களுடைய பஸ்ஸில் ஏறினார். நாலு மாதக் குழந்தையின் காலைப் பிடித்து ஆட்டிவிட்டு, "வெயிலுக்க நிக்காத, மரத்துக்குக் கீழ போய் இரு" என்றார். அவர் உயிரோடு ஏறியதைக் கண்ட நான் எப்படி அதில் கையெழுத்து வைப்பது? எங்களுக்குக் கல்யாணம் நடக்கவே இல்லை என்று எழுதினால் என் வாழ்க்கைதான் பொய்யாகும். அவருக்கு ஒன்றும் ஆகாது.

ஜூலை 28, திங்கள்

விழி போன் எடுக்கவில்லை. கீரை.

ஜூலை 30, புதன்

இன்றும் எடுக்கவில்லை. ரெஜினா மேடத்தோடு கொஞ்சம் பழக்கமாகிவிட்டது. "தினமும் வந்து எட்டிப் பாக்குறியே, கிழிச்சுட்டுப் போயிருவாங்கன்னு பயமா?" என்று கேட்டா. ஓம் என்றேன். பிறகு ஒரு கதைக்குக் கேட்பது போல, தபாலில் ஆட்சேபணை வந்தால் எடுப்பீர்களா என்று கேட்டேன். வந்தால் பார்ப்பார்களாம். வெளிநாட்டிலிருந்து வந்தால்? அதுவும் பார்ப்பார்களாம். "ஏம்மா, யாராச்சும் பிரச்சினை பண்ணுவாங்களா?"

இல்லை, சும்மா கேட்டேன் என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. இங்கே இது பெரிய நாள். கலா அக்கா வா வா என்று இழுத்துக்கொண்டு போனா. படித்துறையில் இறங்க இடமில்லை. பெண்கள் ஆற்றுக்குப் படைத்துவிட்டு, தாலிக்குப் புது மஞ்சள் கயிறு மாற்றுகிறார்கள். பத்து நாளைக்கு முன் இதே படியில்தான் எள்ளுத் தண்ணீர் இறைத்தார்கள்.

நான் ஓரமாக நின்றேன். குனிந்து கால் நனைக்கும்போது தாலி வெளியே வந்து தொங்கியிருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, மணப்பாறையாம், தன் கையில் இருந்த கயிற்றை எடுத்துக்கொண்டு என்னிடம் திரும்பினா. "என்னம்மா, கயிறு மாத்தலையா? இந்தா, குனி." நான் சொல்ல வாய் திறக்கமுன் கட்டி முடித்துவிட்டா. மஞ்சள் ஈரம் கழுத்தில் குளிர்ந்தது.

"வீட்டுக்காரரு வரலையா?"

"வெளியூரில இருக்கிறார்."

"எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும். உனக்காகத் திரும்பி வரட்டும்" என்று நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டா.

பதினாறு வருடமாக அரசாங்க ஆட்கள், வெள்ளைக்காரர், ஆணைக்குழு என்று எத்தனையோ பேருக்கு முன்னால் நின்றிருக்கிறேன். ஒருவரும் இதைச் சொன்னதில்லை. நான் அங்கேயே அழுதுவிட்டேன். அந்த அம்மா பயந்துபோய்த் தன் பையிலிருந்து எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தை எடுத்து என் கையில் திணித்தா. கலா அக்கா பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறா. வீடு வரும்வரை என் கையை விடவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

விழி ஒரு செய்தி அனுப்பியிருக்கிறாள். "கணக்குச் சோதனைக்கு 81." அவ்வளவுதான். நான் அதைப் பத்துத் தரம் பார்த்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நேற்றுத் தவசீலன் வந்தார். இந்த முறை பாண் இல்லை, விழிக்குக் குளிர்ச்சட்டை. அளவு தெரியாமல் இரண்டு அளவில் வாங்கியிருக்கிறார்.

மாலை தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிப்போனார். கனநேரம் கிளாசைச் சுற்றிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"உம்மட்ட ஒண்டு கேக்கவோ? அந்தப் பலகையை ஏன் ஒவ்வொரு நாளும் போய்ப் பாக்கிறனீர்?"

"கீரை வாங்கப் போறனான்."

"கீரையோ." சிரிக்கவில்லை. "அக்கா சொன்னவ, வீட்டில ஆரும் கீரை தின்னிறேல்லையாம்."

அவரே தொடர்ந்தார். "அவர் வந்தால் சந்தோசமா விட்டிட்டுப் போவன் எண்டு சொன்னால் அது பொய். எனக்கும் ஒரு வீடு வேணும் எண்டுதான் வந்தனான். ஆனா போவன். வராட்டி, அவற்ர கதிரையில நான் இருக்கமாட்டன். பக்கத்தில ஒண்டைப் போட்டால் காணும். தாலியும் நான் கட்டமாட்டன். கழுத்தில கிடக்கிறதைக் கழட்டு எண்டும் கேக்கமாட்டன்."

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சுகமாக இருந்திருக்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த விமானத்தில் ஏறியிருப்பேன்.

"தேத்தண்ணி ஆறுது" என்றேன். குடித்தார்.

ஆகஸ்ட் 13, புதன்

கடைசி நாள்.

இன்று கீரைப் பையைக் கொண்டுபோகவில்லை. பத்து மணிக்கே போய் விறாந்தையில் கிடந்த மர வாங்கில் இருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் காணி பதிய வந்தவர்கள். பதினொன்றரைக்கு ஒருவர் பலகைக்கு முன்னால் நின்று வாசித்தார். நரைத்த தலை, வலதுகாலை இழுத்து நடந்தார். குணரூபனுக்கும் இப்போது நாற்பத்திரண்டு, நரைத்திருக்கலாம், காலுக்கும் என்னவும் ஆகியிருக்கலாம். நான் எழும்பிவிட்டேன். அவர் திரும்பி, "ஜெராக்ஸ் கடை எந்தப் பக்கம்மா?" என்றார். காட்டினேன்.

இனி ஒளிக்க என்ன இருக்கிறது, எழுதிவிடுகிறேன். கல்யாணத்துக்கு ஆட்சேபணை இருந்தால் வா என்று ஒரு அரசாங்கம் விலாசத்தோடு எழுதி ஒட்டியிருக்கிறது. உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இந்தக் கல்யாணத்தில் ஆட்சேபணை இருக்கும். எங்கேயாவது இருந்தால், தலைக்கு அடிபட்டு மறந்திருந்தாலும், கோபத்தில் ஒளித்திருந்தாலும், இதைக் கண்டால் பொறுக்க மாட்டார். நான் பக்கத்து வீட்டுப் பொடியனோடு சிரித்துக் கதைத்ததற்கே இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்த மனிதர். தபாலில் ஒரு வரி போதும் எனக்கு. வேறு பெண்ணோடு வாழ்ந்துகொண்டு எழுதினாலும் போதும்.

ஐந்து மணிக்கு மேல் ரெஜினா மேடம் கண்ணாடிக் கதவின் திறப்புச் சாவியோடு வந்தா. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே என்றேன். என் முகத்தைப் பார்த்தா. அன்றைக்குத் தாலியைப் பார்த்த அதே பார்வை. "யாராச்சும் வரணுமாம்மா?"

இல்லை என்றேன்.

அவ உள்ளே போய் மேசையைத் துடைத்தா, அலுமாரியைப் பூட்டினா, குடையைத் தேடினா. எனக்காகத்தான் நேரம் கடத்தினா என்று தெரியும். ஆறு மணிக்கு நான்கு ஊசியையும் பிடுங்கினா. "இது பைலுக்குப் போகணும்" என்றா. காகிதத்தின் நான்கு மூலையிலும் துரு பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமி அழைத்தா. சுகம் விசாரிக்கவில்லை.

"ஆரும் வந்தவையோ பிள்ளை?"

நான் அவவிடம் ஒருநாளும் சொல்லவில்லை. அவவும் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறோம்.

"இல்லை மாமி."

"கனடா, லண்டன் எல்லா இடமும் அனுப்பச் சொன்னனான். கொட்டகைப் பிள்ளையள் பாவம், எல்லாருக்கும் அனுப்பினவை. எங்க இருந்தாலும் கண்டிருப்பான்." மூச்சு இழுத்தது. அவவுக்குத் தொய்வு. "தபால் பிந்தி வாறதும் இருக்குத்தானே?"

"ஓம் மாமி. பதிவு திங்கட்கிழமைதான், அதுவரைக்கும் இருக்கு."

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்தது. தபால் வரவில்லை. வெள்ளி, சனி, இன்று மூன்று நாளும் லீவு. வியாழன் மட்டும் போய்க் கேட்டேன்.

பின்னேரம் குசினிக்குள் நின்று தாலியைக் கழற்றினேன். என்னை ஒருவரும் கழற்றச் சொல்லவில்லை. மஞ்சள் கயிற்றின் முடிச்சு இறுகியிருந்தது, மணப்பாறை அம்மா பலமாகத்தான் கட்டியிருக்கிறா. கலா அக்கா கத்தரிக்கோல் தந்தா. வேண்டாம் என்று நகத்தாலேயே அவிழ்த்தேன். அரை மணித்தியாலம் எடுத்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

பதிந்தாயிற்று. கலா அக்கா, அத்தான், வக்கீல் மூவரும் சாட்சி. சிவப்பு வேண்டாம் என்று நீலச் சீலை கட்டினேன். தவசீலன் மோதிரம் போடும்போது அது என் விரல் மூட்டில் தடக்கி நின்றது. அவருடையது பாண் மாவில் காய்த்துப்போன கை. அதைப் பிடித்து நானே என் விரலில் சரியாகத் தள்ளிவிட்டேன்.

கோப்பில் நோட்டீசின் பின்பக்கம் ரெஜினா மேடத்தின் எழுத்தில் ஒரு வரி இருந்தது. பதிவாளர் சத்தமாக வாசித்தார்: "ஆட்சேபணை எதுவும் பெறப்படவில்லை." கீழே முத்திரை, திகதி, கையெழுத்து.

பதினாறு வருடத்தில் நான் எழுதிக் கொடுத்த கடிதங்களை அடுக்கினால் என் இடுப்பளவு வரும். எங்கே என் புருசன் என்று கேட்ட எல்லாவற்றுக்கும் விசாரிக்கிறோம், பரிசீலிக்கிறோம், மீண்டும் விண்ணப்பியுங்கள் என்றுதான் வந்தது. முத்திரை குத்தி, கையெழுத்து வைத்து எனக்குக் கிடைத்த முதல் பதில் இதுதான். ரெஜினா மேடத்திடம் கேட்டு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டேன். மறுக்கவில்லை. "நல்லா இரும்மா" என்று என் தோளைத் தட்டினா.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தையும் கல்யாணப் படம் ஒன்றையும் மாமியின் போனுக்கு அனுப்பினேன். உடனே அழைப்பு வந்தது. விழி.

"சீலை வடிவா இருக்கம்மா" என்றாள். குரல் தாழவில்லை. பிறகு, "பொறுங்கோ, அப்பம்மாவுக்கு அதை வாசிச்சுக் காட்டட்டாம். கொட்டகைக்குப் போகாமல் இதுக்குத்தான் காத்துக்கொண்டிருக்கிறா" என்றாள்.

போனைக் கீழே வைத்த சத்தம். கோழி கத்துவது கேட்டது. என் பிள்ளை எழுத்துக்கூட்டுவது போல மெதுவாக வாசித்தாள். மாமி திரும்ப வாசிக்கச் சொன்னா. வாசித்தாள்.

"பெறப்படவில்லை எண்டால் என்ன பிள்ளை?"

"ஒருத்தரும் வரேல்லை எண்டு, அப்பம்மா."